ஒரு சொட்டு விளாவல்

அந்த வீட்டில் மூன்று பேர்: மாமனார், மகன், மருமகள். மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனும் மருமகளும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் நீட்டித்துத் தருகிற ஒப்பந்த வேலைதான். படிக்கிற காலத்துப் பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. தனியாக இருக்கும்போது அவள் அவனை "நீ" என்பாள். மாமனார் எதிரில் "நீங்க". வேலை இடத்தில் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொண்டையைக் கனைப்பாள், அவன் திரும்புவான்.

அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று மாமனாருக்கு ஓரளவு தெரியும். மகன் சொன்னதில்லை. மருமகள்தான் காய் நறுக்கிக்கொண்டே சொல்லியிருந்தாள்: வசீகர மீசான் என்று அணுவைவிடச் சின்னதாக ஒரு துகள், அதன் எடையைக் கணக்குப் போடுகிறார்கள்.

"வசீகர மீசானா? மீசை இருக்குமா அதுக்கு?"

"இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் மாமா. கூட்டத்துல அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபம்."

அது ஒரு ஜோடி. கனமானது ஒன்று, லேசானது ஒன்று; ஒட்டிக்கொண்டு, கண்ணிமைக்கிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாமல் வாழ்ந்து முடிக்கிற ஜோடி. ஆளில்லாத வெட்டவெளியில் அதற்கு ஒரு எடை உண்டு. அதை எப்போதோ அளந்துவிட்டார்கள். ஆனால் பெரிய அணுக்கருக்கள் இரண்டை எதிரெதிராக ஓடவிட்டு மோதினால், ஒரு கணம் கொதிக்கிற கூட்டம் ஒன்று உண்டாகும். புரோட்டானும் நியூட்ரானும் மூச்சு விட இடமில்லாமல் நெருக்கியடிக்கும். அதற்குள் போய் மாட்டிக்கொண்டால் அந்த ஜோடிக்கு அதே எடை இருக்குமா? இதுதான் கேள்வி.

"பொறந்த வீட்டுல ஒரு எடை, புகுந்த வீட்டுல ஒரு எடையான்னு கேக்கறே."

"அதேதான் மாமா."

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷினு? என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா? நீ வந்தப்ப இதைவிடக் குண்டா இருந்தே."

அவள் சிரித்து, கத்தியை அவர் பக்கம் காட்டி மிரட்டினாள். அதெல்லாம் சிரிப்பு இருந்த நாட்கள்.

கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. கூட்டம் எப்படி இடிக்கிறது என்பதைப் பொறுத்துத் துகளின் எடை மாறும். துகளின் எடையைப் பொறுத்து இடிக்கிற விதம் மாறும். முட்டையா கோழியா என்கிற பழைய வழக்குதான். அதனால் முதலில் ஓர் எடையை உத்தேசமாக வைத்துக்கொள்வார்கள். அதை வைத்து இடிபாடுகளைக் கணக்குப் போட்டால் புதிதாக ஓர் எடை வரும். அதைத் திரும்ப உள்ளே விட வேண்டும். மறுபடி ஒன்று வரும். போனதும் வந்ததும் ஒன்றாகிற வரை விட வேண்டும். அப்போதுதான் விடை.

ஆனால் அப்படியே விட்டால் எண்கள் குதிக்கும். ஒரு சுற்றில் மேலே, மறு சுற்றில் பாதாளத்தில். அதற்கும் ஒரு வழி உண்டு. புதிய எண்ணை அப்படியே கொட்டாமல், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். குளிக்கிற வெந்நீரை விளாவுகிற மாதிரி. அவர்கள் இரண்டு பேரும் அதற்கு "விளாவல்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு விளாவல் எவ்வளவு?" என்று ஒரு அறையிலிருந்து மறு அறைக்குக் கேட்பான். "பத்துல மூணு," என்பாள் அவள். அந்தத் தளத்தில் வேறு யாருக்கும் அது புரியாது. அவர்களுக்கென்று தனியாக இருந்த சில வார்த்தைகளில் அது ஒன்று.

மூன்று வருஷங்களுக்கு முன் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நல்ல பெயர். எவ்வளவு கொதித்தாலும் எவ்வளவு நெருக்கினாலும் இந்தத் துகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, எடையும் இறங்கவில்லை, உருவமும் கலையவில்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள். வரைபடத்தில் கோடு ஊசி போல ஒரே இடத்தில் நிமிர்ந்து நின்றது. ஆராய்ச்சிக் கூடத்தில் அந்தக் கோட்டுக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். "உங்க கல்லுளிமங்கன் எப்படி இருக்கான்?" என்று படிக்கட்டில் விசாரிப்பார்கள், வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதைப் போல. பிள்ளை இல்லாத அவர்களுக்கு அந்த விசாரிப்பு உள்ளூரப் பிடித்திருந்தது.

அந்தக் கல்லுளிமங்கனை வைத்துத்தான் இப்போது அவனுக்கு நிரந்தர வேலைக்கான வாய்ப்பு வந்திருந்தது. வியாழக்கிழமை தேர்வுக் குழுவின் எதிரில் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே ஒரே மழை. சன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து மேசையடியில் விரித்திருந்த பழைய துணியை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் பேச்சுக்காக அந்த வரைபடத்தைப் புதிய நிறத்தில் வரைந்து தருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். கணக்கை ஒரு தரம் ஓட்டி எடுத்தால் போதும். ஓட்டினாள். கோடு வந்தது. ஊசி போலத்தான் வந்தது. ஆனால் வேறு இடத்தில் நின்றது.

முதலில் நிறத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, முந்தின வேலையின் எண்களை அழிக்காமல் விட்டிருந்தாள். கணக்கு வழக்கமான இடத்தில் தொடங்காமல் அந்த எண்களிலிருந்து தொடங்கியிருக்கிறது. தொடங்கினால் என்ன? எங்கே தொடங்கினாலும் முடிகிற இடம் ஒன்றாக இருக்க வேண்டுமே. அதற்குப் பெயர்தானே விடை?

இன்னொரு இடத்தில் தொடங்கிப் பார்த்தாள். தொடங்கிய இடத்திலேயே நின்றது. வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று ஓர் எடையைக் கொடுத்தாள். அங்கேயும் ஊசி போல நின்றுகொண்டு, "விடை வந்தாச்சு" என்றது.

விளாவல் எண்ணைத் தேடி எடுத்தாள். நூறில் ஒன்று.

வாளி நிறைய வெந்நீர். அதில் ஒரே ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு, விரலை வைத்துப் பார்த்து, "மாறவே இல்லையே, அப்போ பதமாகிவிட்டது" என்று சொன்னால் எப்படி? சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் மயிரிழைக்கும் குறைவாக இருந்தால் நிறுத்திவிடு என்பது கட்டளை. ஒரு சொட்டு விட்டால் வித்தியாசம் எப்போதும் மயிரிழைதான். கணக்கு நடக்கவே இல்லை. அவர்கள் எதை உத்தேசமாக வைத்தார்களோ அதையே மூன்று வருஷமாக விடை என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆளில்லாத வெளியின் எடையை வைத்தார்கள், ஆகவே கூட்டத்துக்குள்ளும் அதே எடை. கல்லுளிமங்கன் அசையாததற்குக் காரணம், அவனை யாரும் தள்ளவே இல்லை.

அந்த எண்ணைப் போட்ட நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற எல்லாச் சூட்டுக்கும் கணக்கு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. அதிகச் சூடும் அதிக நெருக்கமும் சேர்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது. கட்டுரையை அனுப்ப வேண்டிய கடைசி நாள். அவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் குடையோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "இன்னும் நிக்கலையா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "எதையாவது போட்டு நிறுத்தேன்," என்றான். அவள் எல்லாச் சூட்டுக்கும் சேர்த்து நூறில் ஒன்று போட்டாள். நின்றது. "அப்பாடா," என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பிறகு வேறு எடையில் தொடங்கிச் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்ததும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதும்கூட ஞாபகம் இருந்தது. அந்த நாளை வரவில்லை.

மறுநாள் காலை அவன் சமையலறையில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். மாமனார் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்.

"கல்லுளிமங்கன் பொய்யி."

"என்ன?"

அவள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டம்ளரை வைத்தான். மறுபடி எடுத்தான். குடிக்கவில்லை.

"நெசமாவா? ரெண்டு தரம் பாத்தியா?"

"ஆறு தரம் பாத்தேன்."

"இப்ப எதுக்கு அதைத் தோண்டினே? நாளைக்குப் பேச்சை வச்சுக்கிட்டு?"

"தோண்டல. உனக்குக் கலர் மாத்தித் தரப் போய்க் கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடுச்சு."

"பூதத்தை ஒரு ரெண்டு நாள் கிணத்துலயே வச்சிருக்கக் கூடாதா?"

அதுவும் அவள் மனதில் ஓடியதுதான். ராத்திரி முழுக்க அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் அவன் ஒரு பொய்யைத் தெரியாமல் பேசியிருப்பான். தெரியாமல் பேசுவது பாவமில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே.

"நாமே சொல்லிடலாம்," என்றாள். "முதல் படத்துக்கு முன்னாடியே. ரெண்டு பேரும் அவசரப்பட்டோம், ரெண்டு பேரும் பாக்காம விட்டோம்னு. வேலை போனா போகட்டும். சரியான கணக்கைப் போட்டுக் காட்டலாம். எனக்கு அதுல பயமில்ல. நாம சேந்து சொன்னாப் போதும்."

அவன் சன்னலைப் பார்த்தான். கொடியில் நேற்றுப் போட்ட துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க நான் பாத்துக்கறேன்," என்றான்.

பிறகு அவள் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனான். அந்தத் தொடுதலை நம்பித்தான் அவள் வியாழக்கிழமை அந்த அரங்கில் போய் உட்கார்ந்தாள்.

அரங்கு ஒன்றும் பெரிதில்லை. நாற்காலிகளில் ஈரக் குடைகள் சாய்ந்திருந்தன. தரை முழுக்கக் காலடிச் சேறு. முன்வரிசையில் குழுவினர் ஐந்து பேர். அதில் ஒருவர் மோதல் சோதனைகள் செய்கிறவர், கட்டைக்குரல்காரர். அவர் இருமினால்கூடக் கேள்வி கேட்கிறாரோ என்று பேசுகிறவர்களுக்குப் பயம் வரும். அவருடைய ஆட்கள் இந்தத் துகளைத் தேடத்தான் புதிதாக ஒரு கருவி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசிக் கோட்டைத்தான் அவர்களும் எதிர்பார்த்திருந்தார்கள்.

அவன் பேசத் தொடங்கினான். முதல் படம் வந்தது, போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது படத்திலும் சொல்லவில்லை. அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள். கல்லுளிமங்கன் திரையில் வந்து நின்றான், பழைய நிறத்திலேயே. அவன் அதைக் காட்டி, "இது எங்களுடைய முந்தைய முடிவு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான். முந்தைய என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் முழுப் பூசணிக்காயையும் மறைத்துவிட்டான்.

பேச்சு முடிந்தது. கட்டைக்குரல்காரர் இருமினார். இந்தத் தடவை நிஜமாகவே கேள்வி.

"அந்தக் கூர்மையான கோடு. வேற எடையில ஆரம்பிச்சுப் பாத்தீங்களா?"

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அவளை நேராகப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடு, நாம் இருவரும் என்று சொல்லிவிடு.

"பாத்தோம் சார். முந்தாநாள்தான் தெரிஞ்சது. அந்த முடிவு தப்பு." அரங்கில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. "அந்தப் பகுதிக் கணக்கு என் மனைவி செஞ்சது. கலவை எண்ணை ரொம்பச் சின்னதாப் போட்டுட்டாங்க. அவங்க மேல இருந்த நம்பிக்கையில நான் திருப்பிப் பாக்கல. அது என் தப்பு. முழுப் பொறுப்பும் என்னுதுதான்."

பிறகு முன்வரிசையில் தலைகள் மெல்ல ஆடின.

"வேலைக்கான பேச்சுல வந்து இதைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்," என்றார் கட்டைக்குரல்காரர். "எங்க கருவியைக் காப்பாத்தினீங்க."

பின்னாலிருந்து யாரோ இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் என்று பார்த்தார்களா, இவளா என்று பார்த்தார்களா, தெரியவில்லை. அவள் விரலிலிருந்து கைப்பை வாரைப் பிரித்தாள். அது பதிந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவளைக் கொன்றது. கணக்கு அவள் செய்தது. எண்ணைப் போட்டது அவள் கை. அவன் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாம் உண்மை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற மழைக்கோட்டு மட்டும் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்து மாமனார் கையில் கொடுத்தான். மாமனார் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் வேலை என்னாச்சும்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

"மாசக் கடைசியோட முடியுது மாமா. நீட்டிக்கலையாம்."

"ஏனாம்?"

"காரணம் சொல்லல. அறைச் சாவியைக் குடுத்துடச் சொன்னாங்க. சரியாப் போட்ட கணக்கை அனுப்பற வரைக்கும் அங்கத்துக் கம்ப்யூட்டரை வீட்லேந்து உபயோகிச்சுக்கலாம்னாங்க."

"நான் பேசிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்பா," என்றான் அவன். "கொஞ்ச நாள் போகட்டும். இப்பவே போய் நின்னா நல்லா இருக்காது."

மாமனார் மகனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் உடை மாற்ற உள்ளே போன பிறகு மருமகளிடம் சொன்னார்.

"இவன் சின்ன வயசுல எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைச்சான். யாருடா உடைச்சதுன்னு கேட்டேன். பந்தைப் போட்டது பக்கத்து வீட்டுப் பையன்னான். விசாரிச்சா, நெசந்தான், அந்தப் பையன்தான் போட்டிருக்கான். மட்டை யார் கையில இருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல பாரு. அந்தப் பையன் அவன் அப்பன்கிட்ட அடி வாங்கினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இவனை மெச்சினேன், உண்மையைச் சொன்னான்னு." அவர் பெட்டியை முக்காலியில் வைத்தார். "பஸ் ஓட்டறவன் முன்னாடியே பாத்துட்டு இருக்கணும்மா. நான் வீட்ல அப்படிப் பாக்கல."

அவள் அவர் காலடியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

அன்று சாயங்காலம் அறையில் அவன் கேட்டான்.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லல."

"அப்புறம் என்ன? ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வேலை நிக்கணுமில்ல. ரெண்டு பேரும் சேந்து முழுகறதுல என்ன லாபம்? உனக்கும் சேத்துத்தானே இந்த வேலை?"

அவளிடம் அதற்கு மறுப்பு இருந்தது. ஆனால் அதை எடுத்து வைத்தால் அவன் அதற்கும் உண்மையாகவே ஒரு பதில் வைத்திருப்பான் என்று தோன்றியது.

"டீ ஆறுது," என்றாள்.

மாசக் கடைசி நெருங்கியது. சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவள் சரியான கணக்கை ஓட்டினாள். விளாவலைப் பத்தில் நாலாக வைத்தாள், பயந்தால் ஆகாது என்று. எண்கள் குதித்தன. விழுந்தன. எழுந்தன. அவற்றின் போக்கிலேயே விட்டாள். காய்கறி நறுக்கினாள், துணி உலர்த்தினாள், திரும்பி வந்து பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குதிப்பின் வீச்சு குறைந்தது. இடையிடையே கோடு எப்படி இருக்கிறது என்று வரைந்து பார்த்தாள். ஊசியே இல்லை. உச்சி தணிந்து கொஞ்சம் கீழ்ப்பக்கம் நகர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சரிந்து, நனைந்த மண்மேடு போலப் பரந்து கிடந்தது.

மாமனார் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இதா நம்ம கல்லுளிமங்கன்? என்னம்மா, இப்படிக் கரைஞ்சு போயிட்டான்?"

"கூட்டம் அப்படி மாமா. எல்லாப் பக்கமும் இடிக்குது. எடை இதுதான்னு ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. இங்கேந்து இங்க வரைக்கும்னு வேணா சொல்லலாம்."

"உசுரோடதானே இருக்கான்?"

"இருக்கான். கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவருக்குக் கண் சொருகியது. எழுந்து போய்க் கூடத்தில் படுத்துக்கொண்டார்.

கடைசியாக மிச்சம் இருந்தது அந்த ஒரு இடம்தான். அதிகச் சூடு, அதிக நெருக்கம். மறுநாள் காலை அதைத் தொடங்கினாள். பழைய முரடு மாறவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தது. வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது. சாப்பாட்டு வேளைக்கு அவன் மழைக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுப் புது வேலை இடத்துக்குத் திரும்பக் கிளம்பினான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போகாமல் சமையலறைப் பக்கம் வந்தான். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

திருத்தத்தை நாளைக்குள் அனுப்ப வேண்டும். கட்டைக்குரல்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். அவளுக்கும் தெரியும்.

"இன்னும் நிக்கலையா?" என்றான்.

"இல்ல."

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, இன்னும் அவன் வெளியே போகவில்லை. ஆனாலும் அவள் முதுகில் ஒரு ஈரம் படர்ந்த மாதிரி இருந்தது. திரையில் எண்கள் ஏறின, இறங்கின.

"எதையாவது போட்டு" என்று அவன் தொடங்கினான்.

அத்தோடு நின்றுவிட்டான்.

அவள் திரும்பவில்லை. விசைப்பலகைமேல் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு விடுவது கேட்டது. மிச்ச வார்த்தை அவன் வாயில்தான் இருந்தது, அது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு தரம் தொண்டையைக் கனைத்தான். அவள் கனைத்தால் அவன் திரும்புவது வழக்கம். அவன் கனைத்து அவள் திரும்பிய வழக்கம் எப்போதும் இருந்ததில்லை.

பிறகு காலடிச் சத்தம் கூடத்தைக் கடந்தது. வாசலில் குடை விரிகிற சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

"யாரும்மா, அவனா? போயிட்டானா?" என்று மாமனார் தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.

"போயிட்டாரு மாமா."

"நின்னுதா உன் கணக்கு?"

"இல்ல மாமா. நிக்கும்போது நிக்கட்டும்."

எண்கள் குதித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை.